காற்பந்துக் கழகத்தைத் தாங்குவது யார்?

நூல் விலையும் சாயமும், நெல்லும் கரும்பும் பேசப்படும் இப்பக்கங்களில் காற்பந்தாட்டத்துக்கு என்ன வேலை என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால் நம் வட்டாரத்து வீடுகளில் ஒரு புதிய கேள்வி எழுந்திருக்கிறது. திருவந்திபுரத்திலிருந்து கெடிலக் கரையை ஒட்டிக் கிழக்கே சென்றால் சிறிது நேரத்தில் கடலூர் வந்துவிடும். அந்தக் கடலூர், கடந்த இருபது ஆண்டுகளில் இந்திய நாட்டுப் பெண்கள் காற்பந்து அணிக்கே ஆட்டக்காரர்களைத் தந்த ஊர். தறிக்குழியில் அமர்ந்திருக்கும் தந்தையும், முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கும் தாயும் தம் மகள் பந்து பழகப் போவதை முன்போல் தடுப்பதில்லை. “ஆடட்டும்; ஆனால் இந்த ஆட்டம் அவளுக்குச் சோறு போடுமா?” என்பதே அவர்களுடைய கேள்வி.

இதற்கு விடை ஆடுகின்றவளின் காலில் மட்டும் இல்லை. அவளுக்குச் சம்பளம் கொடுக்கும் கழகத்தின் கணக்குப் புத்தகத்திலும் இருக்கிறது. தொழில்முறைக் காற்பந்துக் கழகம் என்பது யாது, அதற்கு வரவு எங்கிருந்து வருகிறது, செலவு எவ்வழிப் போகிறது, அது எதனால் வாழ்கிறது, எதனால் மடிகிறது என்பவற்றை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொழில்முறைக் கழகம் என்பது யாது?

மாலை வேளையில் ஊர்த் திடலில் கூடிப் பந்தாடுவோரும் ஒரு கழகத்தினரே. அவர்கள் தம் கைப்பொருளைச் செலவிட்டு ஆடுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் தத்தம் தொழிலுக்குத் திரும்பிவிடுகிறார்கள். தொழில்முறைக் கழகத்தில் ஆட்டமே தொழில். ஆட்டக்காரருக்கும் கழகத்துக்கும் இடையே எழுத்து மூலமான ஒப்பந்தம் உண்டு. இத்தனை ஆண்டு இக்கழகத்துக்கு ஆட வேண்டும், அதற்கு இவ்வளவு ஊதியம் என்று அதில் குறிக்கப்பட்டிருக்கும். ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேறொரு கழகம் அவரை அழைத்துக்கொள்ள விரும்பினால், பழைய கழகத்துக்கு ஒரு தொகை கொடுத்தே அழைத்துக்கொள்ள வேண்டும்.

இத்தகைய கழகங்கள் பல சேர்ந்து, ஓராண்டின் பெரும்பகுதி ஒன்றோடொன்று ஆடும் பந்தயத் தொடருக்கு லீக் என்று பெயர். ஒவ்வொரு கழகமும் தன் ஊரில் ஒரு முறை, எதிரியின் ஊரில் ஒரு முறை ஆடுவது வழக்கம். வென்றால் 3 புள்ளிகள், சமநிலை எனில் 1 புள்ளி. தொடரின் முடிவில் புள்ளி மிகுந்தது சாம்பியன். கடைசியில் நிற்பவை பல நாடுகளில் கீழ்ப்படி லீக்குக்கு இறக்கப்படும். குறித்த நாளில் குறித்த ஊருக்கு அணியை அனுப்பத் தவறினால் எதிரிக்கு வெற்றி வழங்கப்படும். இக்கடைசி விதியை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். பின்னர்க் கூறப்போகும் ஒரு செய்திக்கு அது தேவை.

வரவும் செலவும்

செலவினங்களை எண்ணிப் பார்ப்போம். ஓர் அணியில் ஆடுவோர் 11 பேர். ஆயினும் காயமும் களைப்பும் வரும் ஆதலால் இருபதுக்கும் மேற்பட்டவர்களை ஒப்பந்தத்தில் வைத்திருக்க வேண்டும். அவர்களுக்குச் சம்பளம், உணவு, தங்குமிடம். பயிற்சியாளர், மருத்துவர், உடல் பிடித்துவிடுபவர் ஆகியோருக்கு ஊதியம். வெளியூர்ப் பயணத்துக்கு ரயில் அல்லது விமானக் கட்டணம். திடலுக்கு வாடகை, புல்லுக்கு நீர், இரவு ஆட்டமெனில் மின்விளக்கு. இவையாவும் அணி வென்றாலும் தோற்றாலும் தவறாமல் வரும் செலவுகள்.

வரவோ அவ்வாறு நிலையானது அன்று. நுழைவுச் சீட்டு விற்பனை ஒன்று. மழை பெய்தாலும் அணி தோற்றாலும் அது குறையும். சட்டையில் பெயர் பொறித்துக்கொள்ளும் கம்பெனிகள் தரும் விளம்பரத் தொகை மற்றொன்று. தொலைக்காட்சி ஒளிபரப்பு உரிமைக்காக வரும் தொகையில் பங்கு மூன்றாவது. ஆட்டக்காரரை வேறு கழகத்துக்கு மாற்றுவதால் வரும் பணம் நான்காவது. ஐரோப்பாவின் பெரிய கழகங்களுக்கு இந்நான்கும் ஆறுபோல் பாய்கின்றன. நம் நாட்டிலும் ஆப்பிரிக்காவிலும் பெரும்பாலான கழகங்களுக்கு இவை ஊற்று நீர் அளவே கிடைக்கின்றன. மிச்சப் பள்ளத்தை யாரேனும் ஒருவர் தம் பையிலிருந்து நிரப்ப வேண்டியிருக்கிறது. அந்த ஒருவர் யார் என்பதைப் பொறுத்தே கழகத்தின் ஆயுள் அமைகிறது. சில உதாரணங்களைப் பார்ப்போம்.

கரும்பூரில் ஒரு கழகம்

முதலில் நெடுந்தொலைவு சென்று வருவோம். கிழக்கு ஆப்பிரிக்காவில் கெனியா நாட்டின் தென்மேற்குப் பகுதியில், விக்டோரியா ஏரியின் பக்கமாக, அவெண்டோ என்றொரு சிற்றூர் உண்டு. நம் நெல்லிக்குப்பத்தையும் சேத்தியாத்தோப்பையும் போலச் சர்க்கரை ஆலையால் பெயர் பெற்ற ஊர். சுற்றிலும் கரும்புக் கொல்லைகள். தென் நியான்சா சர்க்கரைக் கம்பெனி என்பது ஆலையின் பெயர். அதன் பங்குகளில் மிகப் பெரும்பகுதி அரசாங்கத்துக்கு உரியது. இவ்வாலை ஆதரித்து நடத்திய காற்பந்துக் கழகத்துக்கு ‘சோனி சுகர்’ என்று பெயர். தென் நியான்சா என்பதன் சுருக்கமே ‘சோனி’. வானொலிப் பெட்டி செய்யும் ஜப்பானியக் கம்பெனிக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

தலைநகரான நைரோபியின் புகழ்பெற்ற கழகங்களையெல்லாம் பின்தள்ளி, 2006-ஆம் ஆண்டில் இக்கரும்பூர்க் கழகம் கெனியாவின் முதல் நிலை லீக்கில் சாம்பியன் பட்டம் வென்றது. அண்டை நாடான தான்சானியாவிலும் இதுபோல் நடந்ததுண்டு. அங்கே மொரோகோரோ வட்டாரத்துச் சர்க்கரை ஆலையின் கழகமான ‘மிடிப்வா சுகர்’ 1999, 2000 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நாட்டின் லீக்கை வென்றது. ஆலை செழித்தால் ஆட்டமும் செழிக்கும் என்பதற்கு இவை சான்று.

ஆனால் ஆலை நலிந்தால்? கெனியாவின் அரசுச் சர்க்கரை ஆலைகள் கடன் சுமையில் வருந்தின. கரும்பு வெட்டிக் கொடுத்த உழவருக்கு உரிய தொகையே நிலுவையில் நின்றது. உழவருக்குக் கொடுக்கப் பணமில்லாத ஆலை பந்தாட்டத்துக்கு எங்கே கொடுக்கும்? 2019-இல் மற்றுமோர் அடி விழுந்தது. கெனியாவின் லீக்குக்கும் இரண்டு பெரிய கழகங்களுக்கும் விளம்பரத் தொகை கொடுத்து வந்த பந்தயக் கம்பெனி, வரி பற்றிய வழக்கில் மனம் கசந்து அவ்வாண்டு தன் ஆதரவை நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டில் சோனி சுகர் மூன்று பந்தயங்களுக்கு அணியை அனுப்ப இயலாமல் போயிற்று. முன்னர்க் கூறிய விதிப்படி அக்கழகம் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. 13 ஆண்டுகளுக்கு முன் நாட்டின் சாம்பியனாக விளங்கிய கழகம், வழிச்செலவுக்குப் பணமின்றி வீழ்ந்தது. ஆட்டக்காரர்கள் திறமை குன்றினார்கள் என்பதன்று காரணம். ஒரே கம்பத்தில் கூரை வேய்ந்திருந்தார்கள், கம்பம் சாய்ந்தது, கூரையும் சாய்ந்தது.

துணி ஆலையின் கழகம்

நெசவாள அன்பர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. பஞ்சாப் மாநிலத்துப் பக்வாரா நகரில் ஜே.சி.டி. என்னும் பெரிய துணி ஆலை இயங்கி வந்தது. 1971-இல் அவ்வாலை ஒரு காற்பந்துக் கழகத்தைத் தொடங்கியது. இந்தியாவில் முதன்முதலாக நாடு தழுவிய தேசியக் காற்பந்து லீக் 1996-97-இல் நடத்தப்பட்டபோது, கல்கத்தாவின் பழம்பெரும் கழகங்களையும் கோவாவின் கழகங்களையும் வென்று முதல் சாம்பியன் ஆனது இந்தத் துணி ஆலைக் கழகமே. பிற்காலத்தில் இந்திய அணியின் தலைவராகப் பெயர் பெற்ற சுனில் சேத்ரியும் இளமையில் சில ஆண்டுகள் இதில் ஆடியவர்.

நாற்பது ஆண்டுகள் நடந்த இக்கழகம் 2011-இல் கலைக்கப்பட்டது. பந்தயங்களை மக்கள் காணும்படி ஒளிபரப்பவும் விளம்பரப்படுத்தவும் போதிய ஏற்பாடு இல்லை. ஆகவே செலவுக்கேற்ற பயன் இல்லை என்பது ஆலையார் கூறிய காரணம். இதற்கு ஓராண்டு முன்னர், 2010-இல், பம்பாயின் மகிந்திரா யுனைடெட் கழகமும் அவ்வாறே மூடப்பட்டது. ஆலையாரைக் குறை கூறுவதற்கில்லை. அவர்கள் பணம், அவர்கள் முடிவு. ஆனால் நாற்பது ஆண்டுகள் கைதட்டிய பக்வாரா மக்களுக்கு அம்முடிவில் சொல்ல ஒரு சொல்லும் இல்லை, அளிக்க ஒரு வாக்கும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டுச் சாம்பியன்

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். சென்னை சிட்டி கழகம், பெயரில் சென்னை இருப்பினும், கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கைத் தன் களமாகக் கொண்டு ஆடியது. 2018-19-ஆம் பருவத்தின் கடைசிப் பந்தயம் 2019 மார்ச் 9-ஆம் நாள் அங்கே நடந்தது. மினெர்வா பஞ்சாப் அணியை 3-1 என வென்று, ஐ-லீக் பட்டத்தைப் பெற்ற முதல் தமிழ்நாட்டுக் கழகம் என்னும் பெருமையை அது அடைந்தது. ஸ்விட்சர்லாந்தின் பாசல் கழகம் அதே ஆண்டு இதில் 26 சதவீதப் பங்கும் வாங்கியது. இரண்டு பருவங்கள் சென்றன. 2021-22-ஆம் பருவத்து ஐ-லீக்கில் அக்கழகத்தின் பெயரே இல்லை. கோவையில் அன்று அரங்கு நிறைந்து ஆரவாரித்த மக்கள், தம் கழகத்தைக் காக்க விரும்பியிருந்தாலும் காப்பதற்கு வழி யாது? அவர்கள் சீட்டு வாங்கியவர்கள். பங்கு வாங்கியவர்கள் அல்லர்.

நாட்டின் மிகப் பெரிய லீக்கான இந்தியன் சூப்பர் லீக்கிலும் இந்நிலைதான் என்பது 2025-இல் வெளிப்பட்டது. அகில இந்தியக் காற்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்தி வந்த கம்பெனிக்கும் 2010-இல் ஏற்பட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் அவ்வாண்டு டிசம்பரில் முடிய இருந்தது. புதிய ஒப்பந்தம் உரிய காலத்தில் கையெழுத்தாகவில்லை. பந்தயம் எப்போது தொடங்கும் என்று தெரியாத நிலையில், 2015-லும் 2017-18-லும் பட்டம் வென்ற சென்னையின் எப்.சி. கழகம் 2025 ஆகஸ்டில் தன் முதல் அணியின் வேலைகளை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. வேறு சில கழகங்களும் சம்பளத்தை நிறுத்தின. பெரிய பெயர், பெரிய பணம், பெரிய அரங்கு யாவும் இருந்தும், ஒரு காகிதம் கையெழுத்தாகாததால் உலை அணைந்தது.

பலர் தாங்கும் கழகங்கள்

இதற்கு மாற்று வழி உண்டா? உண்டு, அது புதிய வழியும் அன்று. ஸ்பெயின் நாட்டின் பார்சலோனாக் கழகம் 1899-இல் தொடங்கப்பட்டது. அதற்கு முதலாளி எவரும் இல்லை. ஆண்டுச் சந்தா செலுத்தும் அங்கத்தினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களே அதன் உடைமையாளர். வாக்குரிமையுள்ள அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் ஒரே வாக்கு. அவ்வாக்குகளால் தலைவர் தேர்ந்தெடுக்கப்படுகிறார். இம்முறை நம் சங்க அங்கத்தினருக்கு விளக்க வேண்டாதது. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் முதலானோர் 28 பேர் கூடிக் கடை வைத்தபோது கைக்கொண்ட அதே நெறி. பங்கு எத்தனையாயினும் ஆளுக்கு ஒரு வாக்கு.

ஜெர்மனியில் இது விதியாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. 1998-இல் கழகங்கள் தம் காற்பந்துப் பிரிவைக் கம்பெனியாக மாற்றிக்கொள்ள அனுமதி கிடைத்தது. ஆனால் ஒரு நிபந்தனை: வாக்குகளில் பாதியும் அதற்கு மேல் ஒன்றும் அங்கத்தினர் சங்கத்தின் கையிலேயே இருக்க வேண்டும். வெளியார் எவ்வளவு பணம் போட்டாலும் கழகத்தின் கடிவாளம் அவர் கைக்குப் போகாது. நெடுங்காலமாக ஒரே தொழிற்சாலையின் ஆதரவில் வளர்ந்த லெவர்குசன், வொல்ப்ஸ்பர்க் ஆகியவற்றுக்கு விலக்கு அளித்தார்கள்.

லண்டன் மாநகரின் விம்பிள்டன் பகுதியில் நடந்தது இன்னும் சிறப்புடையது. அங்கே நூறாண்டுக்கு மேற்பட்ட கழகத்தை அதன் உடைமையாளர்கள் மில்டன் கீன்ஸ் என்னும் தொலைவூருக்கு மாற்றிக்கொள்ள 2002-இல் அனுமதி பெற்றார்கள். கழகம் போனால் போகட்டும் என்று மக்கள் இருந்துவிடவில்லை. அதே ஆண்டு தாமே கூடிப் புதிய கழகம் ஒன்றைத் தொடங்கினார்கள். பொதுத் திடலில் ஆட்டக்காரரைப் பரீட்சித்துத் தேர்ந்தெடுத்தார்கள். லீக் ஏணியின் ஒன்பதாம் படியில் ஆடத் தொடங்கிய அக்கழகம், 2011-இல் நான்காம் படிக்கு ஏறித் தொழில்முறை லீக்கில் இடம் பெற்றது. 2020-இல் தன் பழைய வட்டாரத்திலேயே புதிய அரங்கமும் கட்டிக்கொண்டது.

நம் நாட்டில் கல்கத்தாவின் மோகன் பகான் 1889-லும் ஈஸ்ட் பெங்கால் 1920-லும் அங்கத்தினர் சங்கங்களாகவே தோன்றியவை. 1911-இல் ஆங்கிலேயப் படைப்பிரிவின் அணியை 2-1 என வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைப் பெற்ற மோகன் பகானின் வெற்றி நாடறிந்தது. அந்த அணியில் ஒருவர் தவிர ஏனையோர் வெறுங்காலில் ஆடினர். நூறாண்டு கடந்தும் இவ்விரு பெயர்களும் அழியாதிருப்பதற்கு அங்கத்தினர் கூட்டமே வேர்.

இம்முறையின் குறைகளையும் மறைக்காமல் கூறுவதே நேர்மை. அங்கத்தினர் உடைமையாயிருந்தும் பார்சலோனாவின் கடன் 2021-இல் 100 கோடி யூரோவைத் தாண்டிவிட்டது. வெற்றிமேல் வெற்றி வேண்டுமென்ற ஆசையில் வரவுக்கு மீறிச் சம்பளம் கொடுத்தார்கள். அங்கத்தினரும் தட்டிக் கேட்கவில்லை. மோகன் பகானும் 2020-இல் தன் காற்பந்துப் பிரிவின் 80 சதவீதப் பங்கை ஒரு கம்பெனிக் குழுமத்துக்கு அளிக்க நேர்ந்தது. ஆகவே வாக்குரிமை இருந்தால் மட்டும் போதாது. கணக்கைப் படித்துப் பார்க்கும் கண்ணும், “இவ்வளவு நமக்குத் தகாது” என்று கூறும் வாயும் வேண்டும். தணிக்கை அறிக்கை வாசிக்கும்போது உறங்கிவிடும் பொதுக்குழு, பந்தாட்டத்தில் மட்டும் விழித்திருக்குமா?

கடலூர்ப் பெண்கள்

இவ்வளவும் கண்டபின் நம் ஊர்ப் பெண்களிடம் வருவோம். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் கடல் பொங்கி வந்து கடலூர் மாவட்டத்தில் 600-க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதை நாம் மறக்கவில்லை. பெற்றோரை இழந்த பிள்ளைகளும், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும் அதன்பின் கடலூரில் காற்பந்து பழகினார்கள். பயிற்சியாளர் மாரியப்பனின் முயற்சியால் இந்திரா காந்தி விளையாட்டு, கல்விக் கழகம் வளர்ந்தது. பயிற்சியோடு படிப்பும் என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது. துயரத்தை மறக்கத் தொடங்கிய ஆட்டம் சில ஆண்டுகளில் நாட்டின் கவனத்தை ஈர்த்தது.

கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்கள ஆட்டக்காரரானார். 2019-இல் நேபாளத்தின் விராட்நகரில் நடந்த தெற்காசியப் போட்டியில் பட்டம் வென்ற இந்திய அணியில் அவர் ஆடினார். பண்ணுருட்டிப் பக்கத்துச் சந்தியா ரங்கநாதனும் இந்திய அணிக்கு ஆடியவர். மாநிலங்களுக்கிடையேயான தேசியப் பெண்கள் போட்டியில் 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என வென்று தமிழ்நாடு முதன்முறையாகப் பட்டம் பெற்றது. மணிப்பூர் அப்போட்டியைப் பல முறை வென்ற மாநிலம். 2023 ஜூனில் அமிர்தசரசில் ஹரியானாவை அதே கணக்கில் வென்று தமிழ்நாடு மீண்டும் பட்டம் பெற்றது. 2018-இல் ஷில்லாங்கில் நடந்த இந்தியப் பெண்கள் லீக்கின் இறுதிச் சுற்றில் ஆடிய ஏழு அணிகளுள் கடலூர் இந்திரா காந்திக் கழகமும் ஒன்று. அடுத்த ஆண்டு மதுரையின் சேது கழகம் லூதியானாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என வென்று அந்த லீக்கின் சாம்பியனாயிற்று.

இத்தனை பெருமைக்குப் பின்னும் சோற்றுக் கேள்வி தீரவில்லை. அக்காலத்தில் பெண்கள் லீக்கின் இறுதிச் சுற்று ஏதோ ஓர் ஊரில் சில வாரங்களில் முடிந்துவிடும். ஆண்டின் ஏனைய மாதங்களுக்குச் சம்பளம் யார் கொடுப்பது? இந்துமதி தமிழ்நாடு காவல் துறையில் உதவி ஆய்வாளராகப் பணியாற்றினார். கொரோனாத் தொற்றுக் காலத்தில் வீதியில் நின்று காவல் வேலை செய்துகொண்டே ஆட்டப் பயிற்சியையும் விடாமல் தொடர்ந்தார். அரசு வேலை கிடைத்தவர் பாக்கியசாலி. கிடைக்காதவர் பலர் திருமணத்தோடு பந்தை மறந்தார்கள்.

2023 செப்டம்பரில் அகில இந்தியக் காற்பந்துக் கூட்டமைப்பு ஒரு நல்ல முடிவு எடுத்தது. பெண்கள் லீக்கின் முதல் நிலைக் கழகங்கள் ஒவ்வொன்றும் குறைந்தது 10 இந்திய ஆட்டக்காரிகளை, ஆண்டுக்கு ரூ. 3.2 லட்சத்துக்குக் குறையாத ஊதியத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்பதே அது. மாதத்துக்கு ஏறக்குறைய ரூ. 26,600 ஆகிறது. லீக்கும் அவ்வாண்டில் ஊருக்கு ஊர் சென்று ஆடும் முறைக்கு மாற்றப்பட்டது. இது பெரிய முன்னேற்றம். ஆனால் அந்த ஊதியம் பெற முதல் நிலைக் கழகத்தில் இடம் வேண்டும். அக்கழகங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றுள் கடலூருக்கு என்று ஒன்றும் இல்லை. பழகியது இங்கே, பிழைப்பு வேறூரில்.

நாற்றங்காலுக்கு என்ன கூலி?

உழவர் எளிதில் உணரும் உவமையாகக் கூறினால், கடலூர் நாற்றங்காலாக இருக்கிறது. நடவும் அறுப்பும் பிறர் வயலில். நாற்று விட்டவனுக்கும் ஒரு கூலி உண்டல்லவா? ஆண்கள் காற்பந்தில் இதற்கு ஏற்பாடு உண்டு. உலகக் காற்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா 2001-இல் வகுத்த விதிகளின்படி, இளமையில் பயிற்சி அளித்த கழகத்துக்குப் புதிய கழகம் பயிற்சி இழப்பீடு கொடுக்க வேண்டும். மேலும், ஒப்பந்தம் முடியுமுன் ஓர் ஆட்டக்காரர் தொகை பெற்று வேறு நாட்டுக் கழகத்துக்கு மாற்றப்பட்டால், அத்தொகையில் 5 சதவீதம், 12 வயது முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றிய கழகங்களுக்குப் பிரித்தளிக்கப்படும். சிற்றூர்க் கழகங்கள் பல இவ்வரவால் திடலைச் செப்பனிட்டதுண்டு.

பயிற்சி இழப்பீடு பெண்கள் காற்பந்துக்குப் பொருந்தாது என்று அவ்விதிகளிலேயே எழுதினார்கள். பெண்களின் ஆட்டம் இன்னும் வளர வேண்டியது. ஆடுகின்றவளை ஏற்கும் கழகத்துக்கு இச்சுமையும் சேர்ந்தால் அவளை ஏற்கவே அஞ்சும் என்பது அவர்கள் கருத்து. அக்கருத்தில் உண்மை உண்டு. ஆயினும் அதன் விளைவு யாது? அதிகாலையில் எழுந்து பெண்பிள்ளைகளுக்குப் பந்து பழக்கி, பாலும் முட்டையும் கொடுத்து, காலணி வாங்கித் தரும் ஊர்க்கழகத்துக்கு, அவள் இந்தியாவுக்கே ஆடினாலும், அவ்வழியில் ஒரு காசும் திரும்பி வராது. அவ்வூர்க்கழகம் ஒரு தனி மனிதரின் உழைப்பிலும் சில நல்லோர் நன்கொடையிலும் நிற்கிறது. அதுவும் ஒற்றைக் கம்பம்தான்.

ஒரு சிறு கணக்கு

கடலூருக்கு ஒரு பெண்கள் கழகம் வேண்டுமென்றால் எவ்வளவு ஆகும்? மேற்சொன்ன குறைந்தபட்ச ஊதியத்தில் 10 பேருக்கு ஆண்டுக்கு ரூ. 32 லட்சம். கேட்கும்போது மலைப்பாகத்தான் இருக்கும். இதனையே 5,000 குடும்பங்கள் பகிர்ந்துகொண்டால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 640, மாதத்துக்கு ரூ. 54-க்கும் குறைவு. ஆனால் இது பத்துப் பேர் ஊதியம் மட்டுமே. ஏனைய ஆட்டக்காரர், பயிற்சியாளர், பயணம், தங்குமிடம் யாவும் சேர்த்தால் மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 1,920. நுழைவுச் சீட்டும் விளம்பரமும் இதில் ஒரு பகுதியைக் குறைக்கும். எளிது என்று கூறவில்லை; ஆகாத காரியமும் அன்று. இக்கணக்கை எழுதியது சந்தா கேட்பதற்கு அன்று. பெரிய முதலாளி ஒருவர் வந்தாலன்றி ஒன்றும் நடவாது என்னும் எண்ணம் சரியா என்று அங்கத்தினர் தாமே கூட்டிக் கழித்துப் பார்ப்பதற்கு.

அதுவரை, மகளைக் கழகத்துக்கு அனுப்பும் பெற்றோர் நான்கு கேள்விகளையேனும் தயங்காமல் கேட்க வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் உண்டா, அதன் படி கைக்குக் கிடைக்குமா? சம்பளம் எத்தனை மாதத்துக்கு? காயம் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது? கழகத்தைத் தாங்குவது ஒருவரா, பலரா? முதல் மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தாலும், நான்காவதற்கு விடை ‘ஒருவர்’ என்றால், அவள் படிப்பை எக்காரணத்தாலும் நிறுத்திவிடக் கூடாது. பக்வாராவிலும் அவெண்டோவிலும் கோவையிலும் ஆட்டக்காரர்கள் நன்றாகத்தான் ஆடினார்கள்.